சிவப்பு வளையம், பச்சை வளையம்

ஜனவரி 4

எங்கள் வீட்டில் உப்பு டப்பாவைக் கண்டுபிடிக்க மரபியல் படித்திருக்க வேண்டும். எல்லாம் ஒரே அளவு எவர்சில்வர் டப்பாக்கள். மூடியில் ஒட்டிய கலர் டேப்பைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். பச்சை என்றால் இயல்பானது: அரிசி, பருப்பு, உப்பு, சீனி. சிவப்பு என்றால் மாற்றம் அடைந்தது: வறுத்தவை, பொடித்தவை. இன்று காலை நான்தான் காப்பி போட்டேன். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு வாஷ்பேசினுக்கு ஓடினார்.

"ஏட்டி ஜெமிமா, கடல்தண்ணியிலயா காப்பி போட்ட?"

"டேப்பு பச்சைதானப்பா."

"ஓங்கம்மா ஈ வளத்த காலத்துப் பழக்கம். அந்த ஈயெல்லாம் செத்து இருவது வருசமாச்சு. இது மட்டும் சாக மாட்டேங்கு."

அம்மா மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "பச்சையில ஒரு கோடு உப்பு, ரெண்டு கோடு சீனி. பாத்து எடுக்கணும்" என்றாள்.

பொதுத் தேர்வு இல்லாத பதினொன்றாம் வகுப்பிலேயே எனக்கு இவ்வளவு சோதனை. அடுத்த வருடத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது.

ஜனவரி 5

என் அம்மா டாக்டர் எப்சிபா என்ன வேலை செய்கிறாள் என்று யாராவது கேட்டால் ஒரு வரியில் சொல்ல முடிவதில்லை. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறாள் என்பதோடு நிறுத்திக்கொள்வேன். இன்று ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது ஒரு அத்தை பிடித்துக்கொண்டார். "ஓங்கம்மா ஈ டாக்டரா, குருவி டாக்டரா?" நான் விளக்கினேன். பாதியிலேயே அவர் வேறு யாரையோ பார்த்துக் கையசைத்தார்.

இங்கே முழுதாக எழுதி வைக்கிறேன். வாழைப்பழத்தில் மொய்க்கும் சின்ன ஈயின் இறக்கையில் நுண்ணிய முடிகள் இருக்கின்றன. எல்லாம் ஒரே திசையில் சீவி விட்டதுபோல் படிந்திருக்கும். ஒரு மரபணு கெட்டுப்போனால் சுழித்துக்கொள்ளும். அம்மா முனைவர் பட்டம் வாங்கியது அதற்காக. பிறகு ஒரு நாள் கடைக் கூண்டில் கொண்டை வைத்த ஃபின்ச் குருவி ஒன்றைப் பார்த்தாளாம். தலையின் பின்பக்கத்து இறகுகள் கீழே படியாமல் மேலே நிமிர்ந்தால் அதுதான் கொண்டை. இறக்கை முடிக்குத் திசை சொல்வது எது என்று கேட்டவள், முட்டைக்குள் இருக்கும் குஞ்சின் இறகுக்குத் திசை சொல்வது எது என்று கேட்க ஆரம்பித்தாள். அவளுக்கு இரண்டும் ஒரே கேள்வி. மற்றவர்களுக்கு அவள் பாதை மாறிப் போனவள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் பேராசிரியர் பதவி உயர்வு நேர்காணலுக்குப் போனாள். பூச்சி நிபுணர், "இவங்க இப்ப பறவை ஆள்" என்றார். பறவை நிபுணர், "அடிப்படையில இவங்க ஈ ஆள்" என்றார். இருவரும் கைகுலுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

பிப்ரவரி முதல் தேதி மறுபடியும் நேர்காணல். இந்த முறை அம்மாவிடம் ஒரு கட்டுரை இருக்கிறது. வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்று ஏற்றுக்கொண்டுவிட்டது, அச்சில் வரத்தான் பாக்கி. அது இருந்தால்தான் பதவி உயர்வுக்குப் புள்ளிகள் போதும். இது தவறினால் அடுத்த வாய்ப்புக்கு எத்தனை வருடமோ.

ஜனவரி 9

பள்ளி விட்டதும் கல்லூரி மொட்டைமாடிக்குப் போனேன். அங்கேதான் குருவி அறை. அம்மாவிடம் ஆராய்ச்சி செய்த அக்கா வங்கித் தேர்வுக்குப் படிக்கப் போய்விட்டதால் தண்ணீர் மாற்றுவது, தினை போடுவது, எச்சம் சுரண்டுவது எல்லாம் நான்தான். சம்பளம் கிடையாது. திட்டு உண்டு.

குருவிகளுக்குப் பெயர் வைக்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். நான் தனிம வரிசை அட்டவணையிலிருந்து வைத்திருக்கிறேன். கொண்டை உள்ள ஆண் கந்தகம். கொண்டை இல்லாத ஆண் துத்தநாகம். ஓரிடத்தில் நிற்காத பெண் பாதரசம்.

தேர்வுப் பெட்டி என்று ஒன்று இருக்கிறது. நடுவில் பெண், ஒரு பக்கம் கொண்டை ஆண், மறுபக்கம் கொண்டை இல்லாத ஆண். பெண் எந்தப் பக்கத்துக் குச்சியில் அதிக நேரம் உட்காருகிறதோ அந்த ஆணைப் பிடித்திருக்கிறது என்று பொருள். மூன்று வருடமாகப் பெண்கள் கொண்டை பக்கமே உட்கார்ந்திருக்கின்றன. கட்டுரையின் பாதி முட்டைக்குள் நடப்பது. மறுபாதி இது.

கொண்டை வம்சத்துக் காலில் சிவப்பு வளையம், மற்றதுக்குப் பச்சை. ஈ குப்பிகளுக்குக் கலர் டேப் ஒட்டிய அதே கணக்கு. "கொண்டைதான் கண்ணுக்குத் தெரியுதே, வளையம் எதுக்கு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கண்ண நம்பாத. லேபிள நம்பு. ஈ அறையில மொதல் நாள் சொல்லிக்குடுக்கிறது அது."

ஜனவரி 13

பள்ளிக்குப் பொங்கல் விடுமுறை. குருவிகளுக்கு இல்லை. எனவே எனக்கும் இல்லை.

ஜனவரி 14

கந்தகம் தன் வளையத்தைக் கொத்திக் கொத்தி உடைத்துவிட்டது. சிவப்பு வளையம் தீர்ந்துபோயிருந்தது. வளையம் விற்கும் கடைக்காரர் பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டார். அம்மாவுக்குப் போன் செய்தால் நேர்காணல் கோப்பு தயார் செய்துகொண்டிருப்பவள் எரிந்து விழுவாள். இருந்த பச்சையில் ஒன்றை மாட்டிவிட்டேன். கடை திறந்ததும் மாற்றிக்கொள்ளலாம்.

பக்கத்து வீட்டிலிருந்து சர்க்கரைப் பொங்கல் வந்தது. அப்பாவுக்கு இரண்டு முறை மின்தடைப் புகார் வந்தது. மின்வாரியத்தில் வேலை பார்ப்பவருக்குப் பண்டிகை கிடையாது. எங்கள் வீட்டில் யாருக்குத்தான் உண்டு?

ஜனவரி 16

பாதரசம் இன்று துத்தநாகத்தின் பக்கம் போய் உட்கார்ந்திருந்தது. கந்தகம் பாடிப் பார்த்தது, ஆடிப் பார்த்தது. பாதரசம் திரும்பியே பார்க்கவில்லை.

வெயிலாக இருக்கலாம்.

ஜனவரி 18

கடை திறந்துவிட்டது. சிவப்பு வளையம் வாங்கினேன். அதைக் கந்தகத்துக்குத்தான் போட்டிருக்க வேண்டும். துத்தநாகத்துக்குப் போட்டேன். சும்மாதான்.

பாதரசம் துத்தநாகத்தை விட்டு அசையவில்லை. பெட்டியின் பக்கங்களை மாற்றி வைத்தேன். பின்னாலேயே போயிற்று. வேறொரு பெண்ணை விட்டேன், ஆக்சிஜன் என்று பெயர். அதுவும் அப்படியே.

பிறகு சிவப்பைக் கழற்றிக் கந்தகத்துக்கு மாட்டினேன். இரண்டு பெண்களும் கந்தகத்தின் பக்கம் போயின. கொண்டை அவன் தலையில் எப்போதும்தான் இருந்தது.

கீழே இறங்கும்போது தண்ணீர்க் குழாயை மூட மறந்து, பாதிப் படியிலிருந்து திரும்பி ஓடினேன்.

ஜனவரி 19

வேதியியல் அலகுத் தேர்வு நாளை. குருவிகளைப் பற்றி யோசிக்க நேரமில்லை. இரண்டு பெண் குருவிகளை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. அம்மாவே அதைப் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

ஜனவரி 21

ஆறு பெண் குருவிகள். ஆறும் சிவப்பு வளையத்தின் பக்கம்.

ஜனவரி 22

"இந்த வாரம் பெட்டி வச்சியாட்டி?" என்று அம்மா கேட்டாள்.

"இல்லம்மா. பரீட்சை."

"அதுவும் சரிதான். கட்டுரைதான் முடிஞ்சு போச்சே" என்று சொல்லி என் தலையைத் தடவினாள். எண்ணெய் வைக்காததற்குத் திட்டவும் இல்லை. அவள் நல்ல மனநிலையில் இருக்கும்போது எனக்கு ஏனோ எரிச்சலாக வருகிறது.

ஜனவரி 24

அம்மா எங்கள் முன்னால் ஒத்திகை பார்த்தாள். கரும்பச்சை சில்க் காட்டன் கட்டிக்கொண்டு, டிவியில் படங்களை ஓட்டினாள். முதலில் ஈயின் இறக்கை. அடுத்து குஞ்சின் கழுத்து. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது, சேனலை மாற்றத் துடித்துக்கொண்டிருந்த அப்பாகூட "அட!" என்றார். கடைசியில் அம்மா குரலை உயர்த்தி, "பெண் பறவை பார்ப்பது கொண்டையை. அதனால்தான் இந்த மரபணு பரவுகிறது" என்றாள்.

அப்பா கைதட்டினார். நான் மூன்றாவது படத்தில் எழுத்து சிறியதாக இருக்கிறது என்றேன்.

"ஏன் மொகத்த இப்படித் தூக்கி வச்சிருக்க?"

"தலவலி."

"கண்ணாடிய மாத்தணும்" என்றாள். எந்த வியாதிக்கும் அவளுக்கு அதுதான் மருந்து.

ஜனவரி 26

பள்ளியில் கொடியேற்றம். பேச்சுப் போட்டியில் எனக்கு முதல் பரிசு. தலைப்பு: அறிவியல் மனப்பான்மை. "தனக்குப் பிடிக்காத உண்மையையும் எவன் உரக்கச் சொல்கிறானோ அவனே விஞ்ஞானி" என்ற இடத்தில் தலைமை ஆசிரியை தலையாட்டினார். பரிசு ஒரு பெரிய ஹாட்பாக்ஸ். அலமாரியில் இடமில்லாததால் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

ஜனவரி 28

பயந்த நாள் வந்துவிட்டது.

கடைசிப் படத்துக்குக் கந்தகத்தைப் போட்டோ எடுக்க அம்மா இன்று மாடிக்குப் போயிருக்கிறாள். நேற்று நான் மறுபடியும் வளையங்களை மாற்றிப் பார்த்துவிட்டு அப்படியே விட்டு வந்திருந்தேன். கொண்டை வைத்த கந்தகத்தின் காலில் பச்சை. பக்கத்தில் துத்தநாகம் சிவப்போடு. மூன்று பெண்கள் துத்தநாகத்தைச் சுற்றி.

வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"வளையத்த மாத்துனது யாரு?"

"நான்தான்."

"கூறு இருக்காட்டி ஒனக்கு? மூணு வருசப் பாடு! வம்சமே கலந்து போயிருந்தா என்ன செய்வ?"

"கலக்கலம்மா. எல்லாத்தையும் எனக்கு மொகம் பாத்தே தெரியும்."

"பின்ன எதுக்கு மாத்துன?"

அப்புறம் சொன்னேன். பொங்கல், கடை மூடியிருந்தது, வெயில் என்று நினைத்தது, ஆறு குருவி, நேற்றோடு ஒன்பது. சொல்லச் சொல்ல அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். கோபம் முகத்திலிருந்து மெதுவாகப் போயிற்று. அது அங்கேயே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

"ஈக்கு டேப்பு தெரியாது" என்றாள் கடைசியில். "டேப்பு குப்பிக்கு வெளிய இருக்கும். உள்ள இருக்க ஈ அதப் பாக்காது. நான் கொண்டுபோய் குருவி காலுலயே மாட்டிட்டேன்."

பிறகு என் பக்கம் திரும்பி, "எப்ப தெரியும் ஒனக்கு?"

"பதினெட்டாம் தேதி."

அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப்போவதில்லை. குழம்பு தீய்ந்துபோனது. சட்டியை நான்தான் கழுவினேன்.

ஜனவரி 29

அம்மா விடுப்பு போட்டுவிட்டு நாள் முழுக்க மாடியிலேயே இருந்தாள். சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுபோனேன். "அங்கன வை" என்றாள். சாயங்காலம் போனபோது தூக்கு திறக்கப்படாமல் இருந்தது. நான் வந்ததைக் கவனிக்காமல் அவள் ஒரு குருவியைக் கையில் பிடித்து அதன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அப்பாதான் பேச்சை ஆரம்பித்தார்.

"எப்சி, நான் சொல்லுததக் கேளு. கட்டுரைய வாபஸ் வாங்கு, வேண்டாங்கல. சனிக்கெழம நேர்காணல் முடியட்டும். திங்கக்கெழம எழுது. யாரு செத்தா போயிருவா?"

"தெரிஞ்சுக்கிட்டே போயி அத வாசிக்கச் சொல்லுதியளா?"

"வாசிக்காண்டாம். கோப்புக்குள்ள இருந்துட்டுப் போவுது. முட்டைக்குள்ள உள்ள பாதி சரிதான?"

"சரிதான். வெளிய உள்ள பாதி தப்பு."

"பாதி சரின்னா அரசாங்கத்துல பாஸ்."

அம்மா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். "அப்பா சொல்றது சரிதாம்மா. நாலஞ்சு நாள்தான" என்று என் குரல் சொல்லிற்று.

"நீயுமாட்டி? ஞாயித்துக்கெழம மைக்கப் பிடிச்சு என்னத்தப் பேசுன?"

"அது பேச்சுப் போட்டிம்மா!"

இதைச் சொன்ன பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அம்மாவுக்கும் இல்லை. அப்பா மட்டும் இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டுவிட்டு, "ரெண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம், அதுக்கு எந்த மரபணுவோ" என்று எழுந்து போனார்.

ஜனவரி 31

அம்மா ஆய்விதழுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி வைத்திருக்கிறாள். அவள் குளிக்கப் போனபோது பார்த்தேன். அனுப்பவில்லை. வரைவாகவே இருக்கிறது.

பிப்ரவரி 1

மடிக்கணினிப் பையைத் தூக்கிக்கொண்டு நேர்காணலுக்கு நானும் போனேன். வராண்டாவில் ஒரு மர பெஞ்ச். கதவுக்கு மேலே காற்றுக்காகத் திறந்து வைத்த கண்ணாடிப் பலகை வழியாக உள்ளே பேசுவது நன்றாகக் கேட்டது. நான் ஒட்டுக்கேட்கவில்லை, அந்தக் கட்டடம் அப்படிக் கட்டப்பட்டிருக்கிறது.

ஈ இறக்கை வந்தது. குஞ்சின் கழுத்து வந்தது. பிறகு கடைசிப் படம் வர வேண்டிய இடத்தில் அம்மா நிறுத்தினாள்.

"சார், என் கோப்புல ஏழாவதா ஒரு கட்டுரை இருக்கு. அதுல பாதி முடிவு தப்பு. வாபஸ் வாங்கறதா இப்பதான் வெளிய நின்னு மெயில் அனுப்பிட்டு வந்தேன். அதைக் கணக்குல எடுக்க வேண்டாம்."

நாற்காலி ஒன்று நகர்ந்தது. வளையம், நிறம் எல்லாவற்றையும் அவள் விளக்கினாள். குரல் ஒத்திகையில் இருந்ததைவிட நிதானமாக இருந்தது.

"அதான் ஏத்துக்கிட்டாங்களே மேடம்? இப்ப எதுக்கு இதைச் சொல்றீங்க?" வெளியூரிலிருந்து வந்த நிபுணர் டாக்டர் அருணகிரி. உள்ளே போகும்போது அவர் பெயர் அட்டையைப் பார்த்திருந்தேன்.

"தப்புன்னு தெரிஞ்சு போச்சு சார்."

"அப்ப புள்ளி குறையுமே." இது தலைவர்.

"குறையும் சார்."

"டீ சொல்லி எவ்வளவு நேரமாச்சு, இன்னும் வரலையே" என்றது மூன்றாவது குரல்.

என் அம்மா தன் மூன்று வருடத்தைத் தன் கையாலேயே கிழித்துப் போட்டிருக்கிறாள். அவர்களுக்கு டீ வரவில்லை! கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் ஏதாவது சொல்லிவிடுவேன் போலிருந்தது. காலி மடிக்கணினிப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"சரி மேடம், அது கிடக்கட்டும்" என்றார் தலைவர். "போன தடவையும் இதே பிரச்சினைதான். நீங்க பூச்சியா, பறவையா? உங்களை எந்தப் பிரிவுல வச்சுப் பார்க்கறது?"

"பூச்சி அறையில கத்துக்கிட்ட பழக்கத்தாலதான் சார் பறவையில தப்பு பண்ணேன். ரெண்டுல எதை விட்டாலும் இந்தத் தப்பை என்னால உங்களுக்கு விளக்க முடியாது."

அருணகிரி கேட்டார்: "அப்ப பெண் குருவிக்குக் கொண்டை பிடிக்குமா, பிடிக்காதா?"

"தெரியாது சார்."

வெளியே வந்தவள் பையை வாங்கிக்கொண்டு, "பசிக்கி. பரோட்டா திங்கலாமா?" என்றாள். மூன்று பரோட்டா சாப்பிட்டாள். நான் பாதியோடு நிறுத்திக்கொண்டேன். பாக்கியையும் அவளே தின்றாள்.

பிப்ரவரி 5

கிடைக்கவில்லை.

அம்மாவோடு போன இன்னொருவருக்குக் கிடைத்துவிட்டது. அவர் இருபது வருடமாக ஒரே ஒரு மீனின் குடலை ஆராய்கிறார். அவரை யாரும் நீங்கள் மீனா, குடலா என்று கேட்பதில்லை.

சாயங்காலம் நான் அம்மாவிடம் சொன்னேன், "நான் வளையத்தத் தொடாம இருந்திருந்தா இந்நேரம் நீ பேராசிரியர்."

"ஆமா" என்றாள். இல்லை என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே, "கோவந்தான் எனக்கு. மாத்துனதுக்கு இல்ல. பத்து நாளு எங்கிட்ட மறச்சதுக்கு. அத என்கிட்ட மொதல்ல ஓடி வந்து சொல்லணும்னு ஒனக்குத் தோணலியே" என்றாள்.

வெங்காயம் என்பதால் இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர். இதற்கு மேல் இன்று எழுத எதுவும் இல்லை.

பிப்ரவரி 8

திங்கட்கிழமை இயற்பியல் தேர்வு. வெப்ப இயக்கவியல் ஒரு வரிகூட ஏறவில்லை. இந்த நிலையில் விடிவதற்குள் எழுப்பி, மொட்டைமாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள் அம்மா. எல்லாக் குருவிகளின் காலிலிருந்தும் வளையங்களைக் கழற்றிவிட்டாள். சோதனை முதலிலிருந்து.

"எனக்குப் பரீட்சைம்மா!"

"இங்கயே படி. நான் வேண்டாங்கலியே."

கந்தகம் ஒரு பக்கம், துத்தநாகம் ஒரு பக்கம், நடுவில் பாதரசம். காலில் ஒன்றுமில்லாமல் மூன்றும் ஏதோ குளித்துவிட்டு வந்ததுபோல் இருந்தன. பாதரசம் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. நேராகத் தினைத் தட்டில் இறங்கித் தின்ன ஆரம்பித்தது.

"எழுது" என்றாள் அம்மா.

"என்னத்த எழுத? தின்னுதுன்னா?"

"ஆமா. தின்னுதுன்னு எழுது."

எழுதினேன். மறுபடியும் பார்த்தபோதும் தின்றுகொண்டிருந்தது. வெயில் ஏறியது. அது தின்றுகொண்டே இருந்தது. ஒரு குருவியின் வயிறு எவ்வளவு கொள்ளும் என்பது தனி ஆராய்ச்சிக்கு உரிய விஷயம். அம்மா காப்பி வாங்கிவரக் கேன்டீனுக்குப் போனாள்.

அவள் போன பிறகு பாதரசம் அலகைக் குச்சியில் இரண்டு பக்கமும் துடைத்தது. சிறகைக் கோதியது. பிறகு ஒரே தாவலில் கந்தகத்தின் பக்கம் போய் உட்கார்ந்தது.

இயற்பியல் புத்தகம் எங்கே விழுந்தது என்று தெரியாது. கைப்பிடிச் சுவரில் தொங்கிக்கொண்டு, கீழே நிற்பவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்க்கும்படி, "அம்மா! ஏம்மா! இங்க வா!" என்று கத்தினேன். அம்மா இரண்டு கையிலும் காப்பியோடு, புடவையில் சிந்திக்கொண்டே, மூன்று மாடியும் ஏறி ஓடி வந்தாள்.

"எந்தப் பக்கம்? எந்தப் பக்கம்டி?"

அதற்குள் பாதரசம் மறுபடியும் தினைத் தட்டுக்குப் போய்விட்டிருந்தது.

"கொண்டை பக்கம். கொஞ்ச நேரந்தான்."

அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. முகம் முழுக்கப் பிரகாசம். பேனாவை எடுத்துவிட்டாள். இவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"ஒரு தடவ போனதெல்லாம் கணக்குல வராதும்மா. உக்காரு."